சம்பளமும் இல்லை, ஆபீஸும் இல்லை... கி.ரா. அகராதியை முடித்தது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை காலையில் லேப்டாப்பைத் திறந்து, ‘இந்த வருஷமாவது முடிச்சிடணும்’ என்று ஒரு பழைய ஃபோல்டரைப் பார்த்துவிட்டு அப்படியே மூடுபவரா நீங்கள்? கோவில்பட்டி பக்கத்து இடைசெவலில் விவசாயம் பார்த்துக்கொண்டே கதை எழுதிய கி.ராஜநாராயணனுக்கும் அப்படியொரு ‘சைடு புராஜெக்ட்’ இருந்தது. அது கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி. கல்லூரிப் பக்கமே போகாதவர், 1982-ல் அதைப் புத்தகமாகவே கொண்டுவந்துவிட்டார்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிக்கு 1913-ல் வேலை தொடங்கியது. ஆறு தொகுதிகளும் வந்து முடிய 1936 ஆனது. அதற்குப் பல்கலைக்கழகம் இருந்தது, அலுவலகம் இருந்தது, சம்பளத்துக்கு ஆட்கள் இருந்தார்கள். கி.ரா.விடம் இருந்தது நண்பர் கூட்டம்தான்.

யாரிடம் எதைக் கேட்பது?

வட்டார அகராதிக்கு வேண்டிய சொற்கள் ஒரே ஆளிடம் கிடைக்காது. கலப்பையின் ஒவ்வொரு உறுப்புக்கும் தச்சர்தான் பேர் சொல்லணும். ஆட்டு நோய்க்குக் கீதாரி, பிள்ளைப்பேற்று மருந்துக்கு மருத்துவச்சி, மழைக்கும் மண்ணுக்கும் சம்சாரி. ‘எல்லாத்தையும் நானே பார்த்துக்கிறேன்’ என்று சொல்லும் டீம் லீடர் மாட்டிக்கொள்ளும் இடமும் இதுதான். சம்பளம் வாங்காத ஆளை அதட்டி வேலை வாங்க முடியாது. அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததைக் கேட்டால் உட்கார்ந்து பேசுவார்.

ஆக்ஸ்ஃபோர்டு அகராதியும் இப்படித்தான் வளர்ந்தது. 1879-ல் அதன் ஆசிரியர் ஜேம்ஸ் முர்ரே பொதுமக்களிடம் உதவி கேட்டார். புத்தகம் படியுங்கள், ஒரு சொல்லையும் அது வரும் வரியையும் ஒரு சீட்டில் எழுதி அனுப்புங்கள் என்றார். சீட்டுகள் குவிந்தன. ஆனால், பத்து வருஷத்தில் முடிக்கத் திட்டமிட்ட வேலையில், ஐந்து வருஷம் கழித்து வந்த முதல் பகுதி ‘ஏ’ எழுத்தையே தாண்டவில்லை. 1915-ல் முர்ரே இறந்தார். அகராதி முடிந்தது 1928-ல். டெட்லைன் தள்ளிப்போனவர்கள் ஆறுதல் பட்டுக்கொள்ளலாம்.

எல்லை போட்டது

கி.ரா. தப்பித்தது எல்லையைச் சுருக்கியதால்தான். மொத்தத் தமிழையும் அவர் தூக்கிச் சுமக்கவில்லை. தன் கரிசல் மண்ணோடு நிறுத்திக்கொண்டார். விட்டுப்போன சொற்கள் இருக்கத்தான் செய்யும். முழுசா முடியட்டும் என்று காத்திருந்தால், சொல் தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்விடுவார்கள். அவர்களோடு சொல்லும் போய்விடும்.

சின்னதாக இருந்ததால், மற்ற ஊர்க்காரர்களுக்கும் ‘நாமும் செய்யலாமே’ என்று தோன்ற இடம் இருந்தது. கொங்கு வட்டாரத்துக்குப் பெருமாள்முருகன் 2000-ல் ஒரு சொல்லகராதி கொண்டுவந்தார். விருத்தாசலம் பக்கத்து நடுநாட்டுச் சொற்களைத் தொகுத்தவர் கண்மணி குணசேகரன்; அவருக்கு வேலை, அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் பஸ் ரிப்பேர் பார்ப்பது.