வெட்டிய ஓரம் எங்கே போகிறது?

நண்பர் ஒருவருக்குப் படம் அனுப்புகிறீர்கள். அதில் வேண்டாத பகுதி இருக்கிறது. வீட்டு விலாசமாக இருக்கலாம். பாங்கி அட்டையின் எண்ணாக இருக்கலாம். அந்த ஓரத்தை வெட்டிவிட்டு, நிம்மதியாக அனுப்பிவிடுகிறீர்கள்.

வெட்டிய ஓரம் எங்கே போயிற்று? சில சமயம் எங்கும் போவது இல்லை! படத்தோடு சேர்ந்து அதுவும் நண்பர் கைக்குப் போய்விடுகிறது.

ஜன்னலும் சேலையும்

ஜன்னலுக்கு வெளியே கொடியில் ஒரு சேலை காய்கிறது. உள்ளே இருந்து பார்த்தால் நடுப்பகுதி மட்டும் தெரிகிறது. முந்தானை தெரியவில்லை. அதற்காக முந்தானையே இல்லை என்று ஆகிவிடுமா?

படம் திருத்தும் "போட்டோஷாப்", "கிம்ப்" போன்ற சாப்ட்வேர்களில் இந்த ஜன்னலுக்குக் "கேன்வாஸ்" என்று பெயர். சேலைக்கு "லேயர்" என்று பெயர். கேன்வாஸ் சிறிதாகவும் லேயர் பெரிதாகவும் இருக்கலாம். வெளியே நிற்கும் பகுதி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அழியாது.

கல்யாண ஆல்பம் செய்கிறவர்களுக்கு இது பெரிய வசதி. மணமக்களை நடுவில் வைப்பதற்காக, ஓரத்தில் நின்ற சித்தப்பாவை வெளியே தள்ளிவிட்டார்கள். சித்தப்பா கோபித்துக் கொண்டார். என்ன செய்வது? லேயரைக் கொஞ்சம் இழுத்தால் போதும். சித்தப்பா உள்ளே வந்துவிடுவார்!

போட்டோஷாப்பில் "ரிவீல் ஆல்" என்ற கட்டளை கொடுத்தால், ஜன்னலே சேலை அளவுக்கு அகலமாகிவிடும். கிம்ப்பில் "ஷோ ஆல்" என்ற வசதி 2019-ம் ஆண்டு வந்தது. ஜன்னலை மாற்றாமலே வெளியே இருப்பதைப் பார்க்கலாம்.

இதில்தான் ஆபத்தும் இருக்கிறது. வேலை செய்த மூலக் கோப்பை அப்படியே அனுப்பினால், வாங்கியவரும் முந்தானையை இழுத்துப் பார்க்கலாம்! "ஜேபெக்" படமாக மாற்றி அனுப்பினால் கேன்வாசுக்குள் இருப்பது மட்டுமே போகும்.

போனில் நடந்த விபரீதம்

2023-ம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு செய்தி பலரைத் திடுக்கிட வைத்தது. சைமன் ஆரன்ஸ், டேவிட் புகானன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் அதை வெளியிட்டார்கள்.

கூகுளின் "பிக்சல்" போன்களில் ஸ்கிரீன்ஷாட்டை வெட்டினால், சிறிய படம் பழைய படத்தின் மேலேயே எழுதப்பட்டது. மீதி அழிக்கப்படவில்லை. பழைய கணக்கு நோட்டில் முதல் நாலு பக்கத்தில் மட்டும் புதுக் கணக்கு எழுதி, மற்றப் பக்கங்களைக் கிழிக்காமல் கொடுத்தது போல! அந்தப் பக்கங்களிலிருந்து, வெட்டிய பகுதியில் பெரும்பங்கை மீட்க முடிந்தது. கறுப்பு மை பூசி மறைத்த அட்டை எண்ணும் வெளியே வந்தது.

"விண்டோஸ்" கம்ப்யூட்டரில் ஸ்கிரீன்ஷாட் வெட்டும் கருவியிலும் இதே கோளாறு இருந்தது. இரண்டு கம்பெனிகளும் அந்த மாதமே சரி செய்தன. ஆனால் அதற்கு முன் அனுப்பிய படங்களை யார் திரும்ப வாங்குவது?

கத்தரித்தால் போனதுதான்

துணியில் தீட்டிய ஓவியத்துக்கு இந்த வசதி கிடையாது. ரெம்பிரான்ட் 1642-ல் தீட்டிய "இரவுக் காவல்" புகழ் பெற்ற ஓவியம். 1715-ல் அதை ஆம்ஸ்டர்டாம் நகர மண்டபத்துக்குக் கொண்டு போனார்கள். சுவரில் இடம் போதவில்லை. நாலு பக்கமும் கத்தரித்துவிட்டார்கள்! இடது ஓரத்தில் நின்றவர்களும் அதோடு போனார்கள். அந்தத் துண்டுகள் இன்று வரை கிடைக்கவில்லை.

நல்ல வேளையாக, கத்தரிப்பதற்கு முன்பே ஒருவர் அதைப் பார்த்துச் சிறிதாக வரைந்து வைத்திருந்தார். 2021-ல் ரிக்ஸ் மியூசியத்தார் அந்தப் பிரதியைக் கொண்டு, ரெம்பிரான்டின் பாணியைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக் கொடுத்து, காணாமல் போன ஓரங்களை உருவாக்கினார்கள். அச்சடித்து, மூலத்தைத் தொடாமல் சுற்றிலும் பொருத்தினார்கள். 300 ஆண்டுகளுக்குப் பிறகு, இடது ஓரத்து ஆட்கள் தங்கள் இடத்தில் நின்றார்கள். சில மாதங்கள்தான், பிறகு அவை எடுக்கப்பட்டுவிட்டன.