அச்சு உரிந்தால் யார் பொறுப்பு?

கோயில் திருவிழா, கல்லூரி ஆண்டு விழா, உள்ளூர்க் கபடிப் போட்டி என எதுவானாலும் பெயர் அச்சிட்ட டி-ஷர்ட் அணிவது வழக்கமாகிவிட்டது. இந்தத் தேவையை நம்பி, நகையை அடகு வைத்தோ கடன் வாங்கியோ ஒரு 'ஹீட் பிரஸ்' இயந்திரத்துடன் வீட்டிலேயே தொழில் தொடங்குவோர் உண்டு. மூன்றாவது சலவையில் அச்சு உரிந்துவிட்டால் வாடிக்கையாளர் திரும்பி வருவதில்லை. கடன் தவணை மட்டும் தவறாமல் வருகிறது.

இயந்திரத்தின் விலையைக் கேட்பதற்கு முன், எந்தத் துணியில் அச்சிடப் போகிறோம் என்பதை முடிவு செய்ய வேண்டும். 'சப்ளிமேஷன்' முறையில், தாளில் உள்ள சாயம் ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸில் ஆவியாகி இழைக்குள் நுழைகிறது. வெளிர்நிற பாலியெஸ்டர் துணிக்கே அது பொருந்தும். திருப்பூரிலிருந்து பருத்தி டி-ஷர்ட்டுகளை மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டு இந்த முறையில் அச்சிட்டால், முதல் சலவையிலேயே வண்ணம் வெளிறிவிடும். பருத்திக்கு ஏற்றவை வினைல் அல்லது 'டிடிஎஃப்' படலம். இவற்றில் பசைதான் உருகித் துணியைப் பற்றுகிறது. பெரும்பாலும் 150 முதல் 165 டிகிரி வெப்பமும் 10 முதல் 15 விநாடிகளும் போதும்.

பாலியெஸ்டரிலும் ஒரு கண்ணி உண்டு. சிவப்பு விளையாட்டுச் சட்டையில் வெள்ளை எழுத்தை அதிக வெப்பத்தில் பதித்தால், துணியின் சாயமே மேலேறி எழுத்தை இளஞ்சிவப்பாக்கிவிடும். அதற்குக் குறைந்த வெப்பத்தில் ஒட்டும் படலமே தேவை.

இனி இயந்திரம். முதலை வாய் போலத் திறக்கும் வகை விலை குறைவு, இடமும் அடைக்காது. ஆனால் தடித்த துணியில் கீல் இருக்கும் பக்கம் அழுத்தம் கூடிவிடும். மேல்தகடு பக்கவாட்டில் விலகும் வகையில் அழுத்தம் நேராக இறங்கும், கைக்கும் பாதுகாப்பு. தொப்பி, கோப்பை, தட்டு அனைத்திலும் அச்சிடலாம் என்று விற்கப்படும் பல்பயன் இயந்திரத்தைவிட, டி-ஷர்ட்டை மட்டும் ஒழுங்காகச் செய்யும் கனமான தகடு கொண்ட இயந்திரமே மேல் என்பது என் கருத்து.

திரையில் தெரியும் எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. அது உணரி பொருத்தப்பட்ட ஓரிடத்தின் வெப்பத்தையே காட்டுகிறது. வாங்கும் முன் தகட்டின் நடுவிலும் மூலைகளிலும் தனி வெப்பமானியால் அளந்து பார்க்க வேண்டும். மூலைகளில் வெப்பம் குறைந்தால் எழுத்தின் ஓரங்கள்தான் முதலில் உரியும். அழுத்தத்தை அறிய எளிய வழி இருக்கிறது. இயந்திரம் சூடாகும் முன், நான்கு மூலைகளிலும் காகிதத் துண்டுகளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் எளிதாக உருவி வந்தால் தகடு சமமாக அமரவில்லை.

மின் இணைப்பையும் மறக்கக் கூடாது. 38 சென்டிமீட்டர் சதுரத் தகடு கொண்ட இயந்திரமே ஏறக்குறைய 1,500 வாட் இழுக்கும். அதற்கு நில இணைப்புள்ள 16 ஆம்பியர் பிளக் வேண்டும். நீட்டிப்புப் பலகையில் செருகுவது ஆபத்து.

அச்சிடும்போது முதலில் வெறும் துணியைச் சில விநாடிகள் அழுத்தி ஈரத்தைப் போக்க வேண்டும். தையல், பொத்தான் மேடுகள் அழுத்தத்தைத் தடுக்காதிருக்க உள்ளே ஒரு திண்டு வைக்கலாம். படலத்தைச் சூட்டோடு உரிப்பதா, ஆறவிட்டு உரிப்பதா என்பது படலத்துக்குப் படலம் மாறும். நூறு சட்டைகளுக்கு முன்பணம் வாங்கும் முன், ஒரு சட்டையில் அச்சிட்டு, ஒரு நாள் விட்டு, ஐந்து முறை துவைத்துப் பாருங்கள்.