பெயரை நம்பும் கணினி



2020 ஆம் ஆண்டு ஏப்ரல் 8 ஆம் நாள் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் முழுமையான வீட்டுவழிக் கற்றல் தொடங்கியபோது, பல இல்லங்களில் மடிக்கணினியே வகுப்பறை ஆயிற்று. அதில் பிள்ளைகளின் பாடமும் உண்டு. பெற்றோரின் வங்கிக் கணக்கும் உண்டு. ஆகவே, அக்கணினி எந்த வலையமைப்பின் வழியாக இணையத்தை அடைகின்றது என்பதை அறிந்திருத்தல் இன்றியமையாததாகும்.

தேக்காவில் ஓர் அடுக்குமாடி வீட்டில் கணினியைத் திறந்தால், நம் வீட்டு வைஃபையின் பெயரோடு அண்டை வீடுகளின் பெயர்களும் வரிசையாகத் தோன்றும். வைஃபை என்பது வானொலி அலை; அது சுவரையும் கடந்து செல்லும்.

கணினி இவற்றுள் ஒன்றை எவ்வாறு தேர்ந்தெடுக்கின்றது? முன்பு இணைந்த வலையமைப்பின் பெயரை அது நினைவில் வைத்திருக்கும். அப்பெயர் மீண்டும் தென்பட்டால் தானாகவே இணைய முற்படும். இங்கேதான் இடர் உள்ளது. செராங்கூன் சாலையில் நின்று 'முருகா' என்று அழைத்தால் பலர் திரும்பிப் பார்ப்பர் அல்லவா? அதுபோல, ஒரே பெயரை எவரும் தம் வலையமைப்புக்குச் சூட்டலாம்.

கடவுச்சொல் உள்ள வலையமைப்பில், கணினியும் ரூட்டரும் அச்சொல்லை அறிந்தவை என்பதை ஒன்றுக்கொன்று மெய்ப்பித்த பின்னரே இணைப்பு ஏற்படும். ஆதலால், பெயரை மட்டும் திருடியவன் தோற்றுப்போவான். கடவுச்சொல் இல்லாத திறந்த வலையமைப்பிலோ பெயர் ஒன்றே அடையாளம். கடைச் சுவரில் எழுதி ஒட்டப்பட்ட கடவுச்சொல்லும் பெரிய காவல் ஆகாது. அதனை வஞ்சகனும் படித்திருப்பான். அவனது வலையில் சிக்கினால், போலிப் பக்கத்தைக் காட்டி நம் விவரங்களைக் கேட்பான்.

2006 டிசம்பரில் சிங்கப்பூர் அரசு 'வயர்லெஸ்@எஸ்ஜி' என்னும் பொது வைஃபைத் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர், தரவுகளை மறையாக்கம் செய்து அனுப்பும் 'வயர்லெஸ்@எஸ்ஜிஎக்ஸ்' என்னும் வலையமைப்பும் அதில் சேர்க்கப்பட்டது. பெயர் மட்டும் போதாது என்பதற்கு இதுவே சான்று.

நாம் செய்யவேண்டியவை:

1. கணினியின் வைஃபை அமைப்பில், அது நினைவில் வைத்துள்ள பெயர்களின் பட்டியலைத் திறந்து, வேண்டாதவற்றை நீக்குக.

2. பொது இட வலையமைப்புகளுக்கு, 'தானாக இணை' என்னும் குறியை எடுத்துவிடுக.

3. வீட்டு வைஃபைக்குத் தனிப்பெயரும் நீண்ட கடவுச்சொல்லும் இடுக. வீட்டு வலையமைப்புக்கு மட்டும் தானாக இணையும் உரிமை இருக்கட்டும்.

4. வெளியிடத்தில் பணி முடிந்ததும் வைஃபையை அணைத்துவிடுக.

இவை கைப்பேசிக்கும் பொருந்தும். ஊரிலுள்ள குடும்பத்துக்குக் கைப்பேசி வழியே பணம் அனுப்பும் தொழிலாள அன்பர்கள், அவ்வேளையில் பொது வைஃபையை விடுத்துத் தம் சொந்தத் தரவு இணைப்பையே பயன்படுத்துதல் நலம்.

வெளுத்ததெல்லாம் பாலன்று. கணினி பெயரை நம்பும். ஆராய்ந்து அறியவேண்டியவர் நாமே. இன்று மாலையே பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து அப்பட்டியலைத் திறந்து பார்ப்பீர்களாக!