செயலிக்கு மக்கள் தொடர்பு நிறுவனம் தேவைதானா?

கையடக்கத் தொலைபேசிச் செயலிகளை உருவாக்கும் முயற்சியில் நமது இளைஞர்கள் பலர் இறங்கியுள்ளனர். கொழும்பில் மட்டுமன்றி யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அத்தகையோர் இருக்கின்றனர். சேமிப்பைக் கரைத்தும், சில வேளைகளில் வீட்டாரின் நகைகளை அடகு வைத்தும் ஒரு செயலியைச் செய்து முடித்தவர்கள் அடுத்து எதிர்கொள்வது, அதனைப் பலரறியச் செய்ய மக்கள் தொடர்பு நிறுவனமொன்றை அமர்த்துவதா என்ற கேள்வியையே. அந்தக் கட்டத்தில் கையில் எஞ்சியிருக்கும் பணம் பெரும்பாலும் ஒருமுறை மட்டுமே செலவிடக்கூடியதாக இருப்பதால், இக்கேள்வியைச் சற்று ஆராய்வது பொருத்தமென எண்ணுகின்றோம்.

விளம்பரம் வேறு, மக்கள் தொடர்பு வேறு. விளம்பரம் செய்பவர் பத்திரிகையிலோ திரையிலோ இடத்தை விலைகொடுத்து வாங்குகின்றார். மக்கள் தொடர்பு நிறுவனமோ செய்தியாளர்கள் தாமாகவே எழுதும்படி செய்ய முயல்கின்றது. எந்த ஊடகத்தில் யார் தொழில்நுட்பம் பற்றி எழுதுகின்றார் என்பது அதற்குத் தெரியும். செய்தியறிக்கை தயாரிப்பதும், அறிமுக நாளை வகுப்பதும், பேட்டிகளுக்கு ஒழுங்கு செய்வதும் அதன் பணிகள். ஆனால் எழுதுவதா, இல்லையா என்ற முடிவு அதன் கையில் இல்லை. கட்டணம் மட்டும் வழக்கமாக மாதாந்தம் செலுத்தப்பட வேண்டியது. செய்தி வந்தாலும் வராவிட்டாலும் அது மாறுவதில்லை.

செய்தி வந்துவிட்டால் வெற்றி நிச்சயமா? 2011 மார்ச்சில் அமெரிக்காவில் வெளிவந்த ‘கலர்’ என்ற செயலியின் கதை இதற்கு விடை தரும். பில் நுயென் என்பவர் தொடங்கிய அந்நிறுவனம், செயலி மக்களின் கைக்கு வருமுன்னரே 4 கோடியே 10 இலட்சம் டொலர் முதலீட்டைத் திரட்டியிருந்தது. ஊடகங்கள் அதனைப் பற்றிப் பெரிதாக எழுதின. அருகருகே இருப்பவர்கள் எடுக்கும் புகைப்படங்களை ஒருவருக்கொருவர் காட்டுவதே அதன் நோக்கம். செய்தியைப் படித்து அதனைத் தரவிறக்கியவர் வீட்டில் தனியே திறந்து பார்த்தபோது, அருகில் வேறு எவரும் அதனைப் பாவிக்காமையால், வெறுமையான திரையையே கண்டார். 2012 இறுதியில் ‘கலர்’ மூடப்பட்டது. இத்தனை பெரிய விளம்பரம் கிடைத்திராவிட்டால், அச்செயலி தன் குறையை அமைதியாகத் திருத்திக்கொள்ள அவகாசம் பெற்றிருக்கக்கூடும்.

அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்னர், 2010 ஒக்டோபர் 6 ஆம் திகதி வெளிவந்தது இன்ஸ்டகிராம். கெவின் சிஸ்ட்ரொம், மைக் கிரீகர் என்ற இருவர் அதனை உருவாக்கினர். ‘பேர்பன்’ என்ற தமது முந்தைய செயலியில் மக்கள் விரும்பிப் பாவித்தது புகைப்படப் பகுதியையே என்பதைக் கவனித்து, ஏனையவற்றைக் கழித்துவிட்டனர். வெளியீட்டுக்கு முன்னரே பரீட்சார்த்தப் பிரதியைப் பெற்றவர்களுள் டுவிட்டர் நிறுவுநர்களில் ஒருவரான ஜக் டோர்சியும் இருந்தார். அவர் தமது படங்களை டுவிட்டரில் வெளியிட்டமை பலரை ஈர்த்தது. முதல் நாளில் 25,000 பேரும், ஏறத்தாழ இரண்டு மாதங்களில் 10 இலட்சம் பேரும் இணைந்தனர். வட்ஸ்அப் இன்னும் வியப்புக்குரியது. 2014 இல் பேஸ்புக் அதனை 1,900 கோடி டொலருக்கு வாங்குவதாக அறிவித்தபோது 45 கோடிப் பேர் அதனைப் பாவித்தனர். அதுவரை மக்கள் தொடர்புக்கென அங்கு ஒருவர்கூட இருக்கவில்லை. ஒருவர் வட்ஸ்அப்பை நிறுவியதும், தன்னோடு பேச வேண்டியவர்களையும் நிறுவும்படி கேட்பார். அதன் பரவலுக்கு அதுவே வழியாயிற்று.

இவற்றை வைத்து, மக்கள் தொடர்பு வீண்வேலை என்று கூறிவிட முடியாது. வட்ஸ்அப்பைப் போன்று தானாகப் பரவும் தன்மை எல்லாச் செயலிகளுக்கும் இல்லை. மக்களின் பணத்தைக் கையாளும் செயலியையோ, நோயாளரின் விபரங்களைப் பெறும் செயலியையோ எடுத்துக்கொண்டால், பாவிப்பவர் முதலில் கேட்பது ‘இவர்கள் யார்?’ என்பதையே. பிக்மீ போன்ற போக்குவரத்துச் செயலிகளில் பயணியும் நம்ப வேண்டும், முச்சக்கர வண்டிச் சாரதியும் நம்ப வேண்டும். அத்தகைய நம்பிக்கையை ஒரு விளம்பரத்தைவிட, மதிப்புள்ள ஊடகமொன்றின் கட்டுரை விரைவாகத் தரும். முதலீட்டாளரைத் தேடுவோருக்கும், தகவல் கசிவு போன்ற சிக்கலில் அகப்பட்டோருக்கும் அனுபவமுள்ள நிறுவனத்தின் உதவி பெறுமதி மிக்கது. விளையாட்டுச் செயலியோ, சிறிய பயன்பாட்டுச் செயலியோ செய்த ஒருவருக்கு அந்த அவசியம் குறைவு. செய்தி வெளியான நாளில் தரவிறக்கம் உயர்ந்து, சில நாட்களில் பழைய நிலைக்கே வந்துவிடும். வந்தவர்கள் தங்கினால் மட்டுமே அந்த உயர்வுக்குப் பொருள் உண்டு. அப்பிள் செயலிக் களஞ்சியத்தின் ஆசிரியர் குழுவுக்குத் தமது செயலியை முன்மொழிய உருவாக்குநர்களுக்கு நேரடியாகவே வசதி உள்ளது. அதற்குக் கட்டணமுமில்லை, இடைத்தரகரும் தேவையில்லை.

செய்தியறிக்கைகளைப் பெறும் மேசையில் இருப்பவர்கள் என்ற வகையில் ஒன்றைக் கூற விரும்புகின்றோம். ஆங்கிலத்தில் எழுதி, அவசரமாகத் தமிழாக்கம் செய்யப்பட்டு எமக்கு வந்து சேரும் அறிக்கைகள் பலவற்றில் ‘புரட்சிகரமான’ என்ற சொல் தவறாது இருக்கும். செயலி என்ன செய்கின்றது என்பது மட்டும் இருக்காது. அதனைச் செய்தவரே பத்து வரிகளில், இது யாருக்கு எந்தச் சிரமத்தைக் குறைக்கின்றது என்று எழுதி அனுப்பினால் எந்த ஆசிரியரும் அதனைப் படிப்பார். தமிழ், முஸ்லிம் வாசகர்களைச் சென்றடைய நினைப்போர், தாம் அமர்த்தும் நிறுவனத்தில் தமிழில் எழுதத் தெரிந்தவர் இருக்கின்றாரா என்பதையாவது கேட்டறிய வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. றிவேர்ப் கொமியூனிக்கேஷன்ஸ் என்ற அமெரிக்க மக்கள் தொடர்பு நிறுவனத்தின் ஊழியர்கள், 2008 நவம்பர் முதல் 2009 மே வரை, தமது வாடிக்கையாளரின் விளையாட்டுச் செயலிகளுக்குச் சாதாரண பாவனையாளர் போன்று பாராட்டு விமர்சனங்களை எழுதியதாக அந்நாட்டின் சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு குற்றஞ்சாட்டியது. 2010 ஓகஸ்டில் எட்டப்பட்ட இணக்கத்தின்படி அவ்விமர்சனங்களை நீக்க வேண்டியேற்பட்டது. இன்று போலி விமர்சனங்களை அப்பிளும் கூகுளும் தடைசெய்துள்ளன. கண்டுபிடிக்கப்பட்டால் செயலியே களஞ்சியத்திலிருந்து அகற்றப்படலாம். அப்போது இழப்பு நிறுவனத்துக்கு அல்ல, செயலியின் சொந்தக்காரருக்கே.

ஆகவே ‘இத்தனை ஆயிரம் தரவிறக்கம், இத்தனை நட்சத்திரம்’ என்று உறுதியளிப்பவரிடம் கையொப்பமிடுமுன், அவை எவ்வாறு வரும் என்பதை எழுத்தில் கேட்க வேண்டும். ஆண்டுக்கணக்கான ஒப்பந்தத்துக்குப் பதிலாக, அறிமுகக் காலத்தின் ஓரிரு மாதங்களுக்கு மட்டும் ஒப்பந்தம் செய்வதே சிறியவர்களுக்கு ஏற்றது. அதற்கும் முன்பாக, அறிந்தவர் ஐம்பது பேரிடம் செயலியைக் கொடுத்து, ஒரு மாதம் கழித்து எத்தனை பேர் இன்னும் அதனைத் திறந்து பார்க்கின்றனர் என்று எண்ணிப் பார்க்கலாம். அதற்குச் செலவேதும் இல்லை.