கம்ப்ரசர் புதுசு, காற்று மட்டும் சூடு

பழைய காருக்குப் புது கம்ப்ரசர் மாட்டி, கேஸும் ஏற்றி, பில்லைக் கட்டிவிட்டு வெளியே வந்தால் ஏ.சி. வெதுவெதுப்பாகவே ஊதுகிறது. பட்டறைக்குத் திரும்பிப் போனால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "கேஸ் கொஞ்சம் கம்மியா இருக்கும் சார், டாப்-அப் பண்ணிடலாம்." ஏ.சி. வேலையிலேயே இதைவிடச் சோம்பேறித்தனமான தீர்ப்பு கிடையாது. வண்டி ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை கேஸ். குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. குறையாமலேயே குளிர் வராமல் போகவும் அரை டஜன் காரணங்கள் உண்டு.

ஏ.சி. குளிரைத் தயாரிப்பதில்லை, காருக்குள் இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது. இன்று ஓடும் பழைய கார்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது ஆர் 134ஏ வாயு. இதன் கொதிநிலை அழுத்தத்தைப் பொறுத்து மாறும். மொத்த வித்தையும் அதில்தான் இருக்கிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலில் அழுத்தம் 30 பி.எஸ்.ஐ. அளவில் இருந்தால், திரவம் 1, 2 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். அப்போது காருக்குள் இருக்கும் காற்றின் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஆவியைக் கம்ப்ரசர் 225 பி.எஸ்.ஐ.க்கு அழுத்தினால், அது 60 டிகிரிக்குப் பக்கத்திலேயே மறுபடி திரவமாகத் தயாராகிவிடும். அதனால்தான் சென்னையின் 38 டிகிரி அனல்காற்றுகூட ரேடியேட்டர் முன்னாலிருக்கும் கண்டென்சரைக் குளிர்விக்கப் போதுமானதாக இருக்கிறது. திரவமானது, ஈரத்தை உறிஞ்சும் ட்ரையர் வழியாக எக்ஸ்பான்ஷன் வால்வுக்குப் போகும். அதன் ஊசித்துளையில் அழுத்தம் சடாரென்று விழுந்து, மறுபடி கூலிங் காயில்.

இந்தச் சுற்றில் கம்ப்ரசர் ஓர் உறுப்புதான். அதை மாற்றுவதற்கு முன் பழையது எதனால் செத்தது என்று யாரும் கேட்பதில்லை. உள்ளே தேய்ந்து, அரைபட்டுச் செத்திருந்தால், அதன் தூள் குழாய் முழுக்கப் பரவியிருக்கும். எக்ஸ்பான்ஷன் வால்வைக் கழற்றி, வாயில் ஒட்டியிருக்கும் எண்ணெயை விரலில் தொட்டு வெயிலில் பிடித்துப் பாருங்கள். நல்ல எண்ணெய் தெளிவாக வழுக்கும். கெட்டது கறுத்திருக்கும், இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் அலுமினியத் தூள் வெள்ளிச் சாந்துபோல மினுங்கும். அதைப் பார்த்த பிறகும் கம்ப்ரசரை மட்டும் மாற்றுவது, சேறு தூர்ந்த கிணற்றில் புது மோட்டார் இறக்குகிற வேலை. குழாய்களையும் கூலிங் காயிலையும் ஃப்ளஷ் செய்யலாம். ட்ரையரையும் வால்வையும் மாற்றியே ஆகவேண்டும். கண்டென்சர்தான் சிக்கல்: பழங்காலத்து வளைந்த ஒற்றைக் குழாய் ரகம் என்றால் கழுவிவிடலாம், தட்டையான நுண்துளைக் குழாய்கள் பல ஒரே நேரத்தில் ஓடும் ரகம் என்றால் அடைபட்ட துளையைச் சுற்றிக்கொண்டு ஃப்ளஷ் திரவம் போய்விடும். புதுசு போடுவதைத் தவிர வழியில்லை.

எண்ணெய் பற்றியும் ஒரு வார்த்தை. 1990களில் ஆர் 12 வாயுவை விட்டு உலகக் கார்த் தொழில் ஆர் 134ஏவுக்கு மாறியபோது எண்ணெயும் மாறியது. ஆர் 12 காலத்து மினரல் ஆயில் ஆர் 134ஏவோடு கலக்காது. எங்கேனும் ஒரு வளைவில் தேங்கிவிடும், கம்ப்ரசர் காய்ந்து சாகும். இப்போது ஊற்றும் பேக் ஆயிலோ காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. நேற்றே மூடி திறந்த டப்பாவில் மிச்சமிருப்பதை ஊற்ற வருபவரைத் தயங்காமல் நிறுத்துங்கள்.

ஈரத்தை வெளியேற்றத்தான் கேஸ் ஏற்றுமுன் வேக்கம் போடுகிறார்கள். 29 அங்குல வேக்கத்தில் தண்ணீர் 26 டிகிரிக்கு அருகிலேயே கொதித்து ஆவியாகி வெளியேறும். பத்து நிமிடம் பம்ப்பை ஓட்டிவிட்டு டீ குடிக்கப் போவது வேக்கம் ஆகாது. அரை மணிக்குக் குறையாமல் ஓட வேண்டும். பிறகு பம்ப்பை நிறுத்தி, கேஜ் முள் ஏறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். (ஊட்டியில் முள் 23 அங்குலத்தைத் தாண்டாது. அங்கே காற்றழுத்தமே அவ்வளவுதான். பம்ப்பைத் திட்டிப் பயனில்லை.)

இனி கேஜ். நீலம் லோ சைடு, சிவப்பு ஹை சைடு. ராத்திரி முழுக்க நின்ற காரில், இன்ஜினைப் போடாமலே மாட்டினால் இரண்டும் ஒரே அளவு காட்டும். 30 டிகிரி நாளில் அது 97 பி.எஸ்.ஐ.க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். வெகுவாக மேலே இருந்தால் உள்ளே காற்று புகுந்திருக்கலாம், அல்லது ஏற்றியது வேறு கேஸ். வண்டியை ஓடவிட்டபின் இரண்டும் தாழ்வாக இருந்தால் கேஸ் குறைவு என்று சந்தேகிக்கலாம். லோ உயர்ந்தும் ஹை தாழ்ந்தும் இருந்தால், புதுசானாலும் கம்ப்ரசர் அழுத்தவில்லை. இரண்டும் எகிறினால் கேஸ் அதிகம், அல்லது கண்டென்சருக்குக் காற்று போதவில்லை. பழைய வண்டிகளில் கண்டென்சர் ஃபேன் சுற்றுவதாகத்தான் தெரியும், வேகம் இருக்காது. ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றால் சுடும் வண்டிக்கு முதலில் ஃபேனைத்தான் பார்க்க வேண்டும். லோ முள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கினால் அடைப்பு. ட்ரையரின் இரண்டு பக்கக் குழாயையும் தொட்டுப் பாருங்கள். நுழையும் பக்கம் சுட்டு, வெளியேறும் பக்கம் குளிர்ந்திருந்தால் அடைப்பு ட்ரையரிலேயே இருக்கிறது.

கால் மணி நேரம் ஜில்லென்று ஊதி, பிறகு சூடாகி, கொஞ்சம் அணைத்து வைத்தால் மறுபடி குளிரும் வண்டிதான் அதிகம் குழப்புகிறது. இதற்கு இரண்டு காரணங்கள், ஒரே முகம். காற்றின் வேகம் குறையாமல் சூடு மட்டும் வந்தால், உள்ளே மிச்சமிருந்த ஈரம் வால்வின் துளையில் பனிக்கட்டியாகி அடைத்திருக்கிறது. வேக்கத்தை ஒழுங்காகப் போடவில்லை. புளோயர் இரைச்சல் அப்படியே இருந்து காற்று மட்டும் குறைந்தால், கூலிங் காயில் முழுக்க ஐஸ் பிடித்திருக்கிறது. அங்கே குற்றவாளி கம்ப்ரசர் கிளட்ச்சை நேரத்துக்கு வெட்டாத தெர்மோஸ்டாட். முன்னதற்குப் புது ட்ரையரும் முழு வேக்கமும் வேண்டும். பின்னதற்கு ஒரு புது தெர்மோஸ்டாட் போதும், கேஸைத் தொடவே வேண்டாம்.

கேஜ் இரண்டும் சரி, கூலிங் காயில் குழாய் வியர்த்துச் சொட்டுகிறது, ஆனாலும் காற்று சூடு என்றால் ஏ.சி.யை விட்டுவிட்டு ஹீட்டரைப் பாருங்கள். நம் ஊரில் யாரும் ஹீட்டர் போடுவதில்லை. வருடக்கணக்கில் அசையாத ஹீட்டர் வால்வு பாதி திறந்தபடியே இறுகிவிடும். இன்ஜினின் கொதிநீர் ஹீட்டர் காயிலில் ஓடிக்கொண்டேயிருக்க, குளிர்ந்த காற்று அதன் மேல் பட்டு மறுபடி சூடாகிறது. ஹீட்டர் வால்வு உள்ள வண்டியென்றால் நாபைக் குளிர் பக்கம் முழுக்கத் திருப்பிவிட்டு, வால்வைத் தாண்டி உள்ளே போகும் ஹோஸைத் தொடுங்கள். சுட்டால் வால்வை அசைக்கும் கேபிளை இழுத்துக் கட்டினாலே பல நேரம் காரியம் முடிந்துவிடும். அதற்குக் கம்ப்ரசர் கடைக்காரர் தேவையில்லை.