முசூரி மலையில் ஒரு பழங்கடல்

தில்லியில் வாழும் நமக்குக் கோடை விடுமுறை என்றால் சிம்லா, முசூரி, நைனிதால் ஆகிய மூன்று பெயர்களே முதலில் நினைவுக்கு வரும். குழந்தைகளை அழைத்துக்கொண்டு போகிறோம், குளிர்காற்று வாங்கித் திரும்புகிறோம். நம் காலடியில் இருக்கும் கல் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் குறைவு. நான் நிலவியல் பட்டம் பெற்றவன் அல்லன். சிவில் டிப்ளமா படித்து, ரயில்வேயில் பாதைப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். கட்டிங்கும் சுரங்கமும் பார்த்துக்கொள்கிறவனுக்குப் பாறையைப் படிக்காமல் வேலை நடக்காது. அந்த வகையில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

கால்கா–சிம்லா மலை ரயில் 1903-ல் திறக்கப்பட்டது. அதில் பயணம் செய்தவர்களுக்குப் பாரோக் சுரங்கம் நினைவிருக்கும். அதைத் தாண்டினால் சோலன். அந்த ஊருக்கு மேலே நிற்கும் மலைதான் குரோல். இந்த மலையின் பெயரையே ஒரு பாறைத் தொகுதிக்கு 'குரோல்' என்று சூட்டினார் மெட்லிகாட் என்ற நிலவியலாளர். ரூர்க்கி தாமஸன் பொறியியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த அவர், 1864-ல் இப்பகுதியைப் பற்றி விரிவாக எழுதினார். பின்னர் 1934-ல் ஜே.பி. ஆடன் இதை ஏ முதல் இ வரை ஐந்து அடுக்குகளாகப் பிரித்துக் காட்டினார். ஆங்கிலக் கவிஞர் ஆடனின் அண்ணன் இவர். சோலனில் தொடங்கி முசூரி வழியாக நைனிதால் வரை, ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளத்துக்கு இப்பாறை விட்டுவிட்டுத் தென்படுகிறது.

இனி அடுக்குகளைக் கீழிருந்து மேலாகப் பார்ப்போம். அடியில் இருப்பது பிளைனி. களிமண் பாறைக்குள் சிறிதும் பெரிதுமாகக் கற்கள் பதிந்திருக்கும், முந்திரியும் திராட்சையும் போட்ட கேக்கைப் போல. பனிப்பாறைகள் சுமந்து வந்து கொட்டிய கற்கள் இவை. சுமார் 63.5 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த ஒரு பெரும் பனியுகத்தின் மிச்சம் என்று இதைக் கருதுகிறார்கள். அதன்மேல் மெல்லிய இளஞ்சிவப்பு டோலமைட் படலம். அதற்கும் மேலே கருஞ்சிலேட்டுப் பாறை. இதற்கு 'இன்ஃப்ரா குரோல்' என்று பெயர். அதன்மேல்தான் குரோல் சுண்ணாம்புக்கல்லும் டோலமைட்டும், இடையில் சிவப்பும் பச்சையுமான களிப்பாறையும்.

பனி உருகிக் கடல் உயர்ந்தபின், ஆழமில்லாத கடலில் இச்சுண்ணாம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்தது. அப்போது சிப்பியும் இல்லை, சங்கும் இல்லை. நீலப்பச்சைப் பாசி போன்ற நுண்ணுயிர்கள் தரையில் பாய் விரித்தாற்போல் வளர்ந்தன. அவை விட்டுச்சென்ற அலை அலையான கோடுகளைச் சில கற்களில் இன்றும் காணலாம். குரோலுக்கு மேலே உள்ள 'டால்' அடுக்கில்தான், தேராதூன் அருகே மால்தேவ்தா போன்ற இடங்களில், ஓடுடைய மிகச் சிறு உயிர்களின் புதைபடிவங்கள் கிடைத்திருக்கின்றன. உயிரினம் ஓடு கட்டத் தொடங்கிய காலத்தின் சாட்சி அது.

கடலடியில் இருந்தது மலை உச்சிக்கு எப்படி வந்தது? சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோதத் தொடங்கியது. அந்த நெருக்கலில் இந்தப் பழம்பாறை உடைந்து, தெற்கு நோக்கி நகர்ந்து, தன்னைவிடப் பல கோடி ஆண்டுகள் இளைய மணற்பாறைகளின் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. தாத்தா பேரனின் தோளில் ஏறியது போல! பாரோக் சுரங்கம் குடைவது இளைய மணற்பாறையை. சோலனுக்கு மேலே நிற்பதோ அந்தப் பழம்பாறை.

இதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். முதலாவது தண்ணீர். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமிலவாயுவைக் கலந்துகொண்டு மென்மையான அமிலமாகிறது; சுண்ணாம்பைக் கரைத்து விரிசல்களை அகலப்படுத்துகிறது. இப்படி மலை ஒரு தொட்டி போல நீரைச் சேமிக்கும். கீழே சிலேட்டுப் பாறை தடுக்கும் இடத்தில் நீர் ஊற்றாக வெளிவரும். தேராதூன் வீடுகளில் வெந்நீர்ப் பாத்திரத்தில் படியும் வெள்ளைப் படிவு இந்த மலைச் சுண்ணாம்புதான்.

அந்தச் சுண்ணாம்பை வெட்டி விற்றதில் முசூரிச் சரிவுகள் மொட்டையாயின, ஊற்றுகளும் பாதிக்கப்பட்டன. 1983-ல் தேராதூன் அமைப்பு ஒன்று எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்ற உச்சநீதிமன்றம், 1985-ல் பல குவாரிகளை மூட உத்தரவிட்டது. 1982-ல் உருவான பிரதேச ராணுவத்தின் சுற்றுச்சூழல் படைப்பிரிவு அம்மலைகளில் மரம் நட்டது. இன்று முசூரிச் சரிவில் காணும் பசுமையில் அவர்கள் பங்கு பெரிது.

இரண்டாவது பாதுகாப்பு. சிலேட்டுப் பாறை நனைந்தால் வழுக்கும். 1880 செப்டம்பர் 18 அன்று, கனமழைக்குப் பின் நைனிதாலில் சரிவு இறங்கி 151 பேர் மாண்டார்கள். அதன்பின் அங்கே மலைச்சரிவுகளில் வடிகால்கள் கட்டினார்கள். மலைப் பாதைக்குப் பொறுப்பாக இருந்த எங்களுக்கும் முதல் பாடம் அதுவே: மழைக்கு முன் வடிகாலைச் சுத்தம் செய். தடுப்புச்சுவர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும், பின்னால் தேங்கும் நீருக்கு வழி விடாவிட்டால் ஒருநாள் சாயும்.

இப்போது நம்மவர் பலர் மலையில் சிறு வீடோ ஃப்ளாட்டோ வாங்க ஆசைப்படுகிறார்கள். ஜன்னலிலிருந்து தெரியும் காட்சியை மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். கட்டடம் நிற்பது சுண்ணாம்புக்கல்லிலா, சிலேட்டிலா, பழைய சரிவு மண்ணிலா? மழைநீர் எங்கே போகிறது? பக்கத்து மரங்கள் சாய்ந்திருக்கின்றனவா? இவற்றைக் கேட்டு, ஒருமுறை மழைக்காலத்திலும் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.