உங்களுக்குத் தெரியுமா? உத்தரிக்கிற ஸ்தலம் நரகம் அல்ல!
நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று, கத்தோலிக்கர்கள் கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். இறந்தபின் தூய்மை பெறும் நிலையான உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கும் ஆன்மாக்களுக்கான வேண்டுதல் அது. அந்த ஸ்தலத்தைச் சின்ன நரகம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை; அங்கிருக்கும் ஒவ்வோர் ஆன்மாவும் மோட்சம் சேர்வது உறுதி.

பாவசங்கீர்த்தனத்தில் பாவம் மன்னிக்கப்பட்டாலும் பரிகாரக் கடன் மிஞ்சலாம். இம்மையில் தவம், தருமம், செபத்தால் தீராதது அங்கே தீர்கிறது. உயிரோடிருப்பவர்களின் பூசையும் செபமும் இறந்தோருக்கு உதவும் என்பதே இந்தக் கோட்பாட்டின் மிக அன்பான பகுதி. 1563-ல் திரெந்து பொதுச்சங்கம் இந்தக் கோட்பாட்டை மீண்டும் உறுதிசெய்தது.

லுத்தரன் மரபினர் இந்தக் கோட்பாட்டை ஏற்பதில்லை. கிறிஸ்துவின் சிலுவை மரணமே முழுப் பரிகாரம் என்பது அவர்கள் விசுவாசம்.